தொண்டை ஒப்பரேஷனுக்குப் பிறகு எனக்குக் கஞ்சி தந்த ஹட்டன் கடை

டொன்சில் எடுத்த பிறகு என்ன சாப்பிடுவது, எங்கே வாங்குவது என்று தேடிக்கொண்டிருக்கிற மலையகத்து ஆட்கள் யாராவது இருந்தால் இதை முழுதாக வாசியுங்கள். நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் ஐஸ்கிரீம், ஜெலி, திரும்பவும் ஐஸ்கிரீம். பத்துப் பதினாலு நாளைக்கு ஒரு பெரிய ஆள் அதிலேயே இருக்க முடியாது, அதுவும் ஜூன் மாத மழையில், ஹட்டன் பக்கத்துக் குளிரில். அந்த நாட்களில் என்னைத் தாங்கியது ஒரு சின்னக் கஞ்சிக்கடை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையை எங்கே குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயா பக்கம் போகும் ரோட்டில், ஒரு தையல் கடையை ஒட்டினாற்போல நாலே மேசை போட்ட இடம். கஞ்சிக்கடை அக்கா என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் காட்டிவிடுவார்கள். காலை ஐந்தரைக்கே திறந்துவிடும், முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்றபடியே ஒரு கப் குடித்துவிட்டு ஓடுவார்கள். இலைக்கஞ்சி, இடியப்பமும் சொதியும், பாலாப்பம், அவித்த கடலை, பிளேன்டீ, அவ்வளவுதான். இலைக்கஞ்சி என்றால் சிங்களத்தில் கொலகெந்த என்பார்களே, அதுதான். சிவப்புப் பச்சரிசியை நன்றாகக் குழைய வேகவைத்து, வல்லாரையோ ஹாத்தாவாரிய இலையோ அரைத்துப் பிழிந்த சாறு விட்டு, பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறக்குவார்கள். பக்கத்தில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், தொண்டைதான் எனக்குத் தொழில். போன இரண்டு வருஷமாக மாதம் தவறினாலும் டொன்சில் வீக்கம் தவறாது. காய்ச்சல், கழுத்தில் கட்டி, அன்டிபயட்டிக், ஒரு கிழமை லீவு, திரும்ப அதே கதை. கண்டியில் பார்த்த காது மூக்கு தொண்டை டொக்டர் எத்தனை தடவை என்று கணக்குக் கேட்டார். ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் வருஷத்துக்கு 5 தடவை, அல்லது தொடர்ந்து மூன்று வருஷம் வருஷத்துக்கு 3 தடவை, இந்த அளவுக்கு வந்தால்தான் எடுக்க யோசிப்பார்களாம். நான் எல்லாக் கிளினிக் துண்டுகளையும் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன், அதை அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுத் திகதி கொடுத்தார். உங்களுக்கும் அடிக்கடி வருகிறதென்றால் இன்றைக்கே ஒரு கொப்பி போடுங்கள்.

ஒப்பரேஷன் அரை மணி நேரம்கூட இல்லை. மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து வரும் அந்த ரோட்டில் தம்பியின் தோளில் சாய்ந்தபடி வந்தேன், வலி இருந்தது, ஆனால் தாங்கலாம். இவ்வளவுதானா என்று நினைத்தேன். அங்கேதான் பலரும் ஏமாறுவது. மயக்க மருந்தும் ஆஸ்பத்திரியில் ஏற்றிய வலி மருந்தும் உடம்பில் இருக்கும் வரைதான் அந்த நிம்மதி. மூன்றாம் நாளிலிருந்து வலி ஏறும், நாலு, ஐந்தில் உச்சத்துக்குப் போகும், கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கும், பிறகு காயத்தின் மேல் படிந்த வெள்ளைப் படை கழன்று விழும் நாட்களில், அதாவது ஆறிலிருந்து ஒன்பதுக்குள், திரும்பவும் ஒரு தூக்குத் தூக்கும். பிள்ளைகள் சீக்கிரம் எழும்பிவிடுவார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பையனுக்குப் போன வருஷம் எடுத்தார்கள், ஐந்தாம் நாளே இஸ்தோப்பில் பந்து விளையாடினான். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் "இன்னுமா படுத்திருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். பெரியவர்களுக்கு 10 முதல் 14 நாள் எடுக்கும். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தொண்டையைக் கஷ்டப்படுத்தாதீர்கள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். இரண்டு நாள் என்னோடு வீட்டில் இருந்தார், மூன்றாம் நாள் நானே கையைக் காட்டிப் போகச் சொன்னேன். தம்பி ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் அந்தக் கடைக்குப் போய், அக்காவுக்குத் தொண்டையில் ஒப்பரேஷன், கஞ்சி வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். கடைக்கார அக்கா உடனே கப்பில் ஊற்றிக் கொடுக்கவில்லை. "இன்னிக்கு எத்தனாவது நாள் தம்பி?" என்று கேட்டாராம். மூன்றாம் நாள் என்றதும், "அப்ப இந்தக் கஞ்சி ஆகாது, இதுல திப்பி இருக்கு. கொஞ்சம் பொறு" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார். அவருடைய மகனுக்கும் படிக்கிற காலத்தில் டொன்சில் எடுத்தார்களாம்.

அவர் என்ன செய்தார் என்பதை நான் பிற்பாடு கடைக்குப் போய் நேரில் நின்று பார்த்தேன், அதனால் சரியாகச் சொல்ல முடியும். வேகவைத்த கஞ்சியில் மேலாக இருப்பதை மட்டும் மொண்டு எடுத்து, பழைய பருத்தித் துணியில் ஒரு தரம், அதே துணியை மடித்துப் போட்டு இன்னொரு தரம் வடிக்கிறார். வல்லாரை இலையை எவ்வளவு அரைத்தாலும் நூல் நூலாக ஒரு நார் இருக்கும். நல்ல தொண்டைக்கு அது தெரியாது, புண் ஆறாத தொண்டைக்கு அது ஒரு முள். பிறகு இரண்டு எவர்சில்வர் செம்பை எடுத்து, தேத்தண்ணி ஆற்றுவதுபோல மாறி மாறி ஆற்றுகிறார், ஆனால் நுரை வராமல், தாழ்வாகப் பிடித்து. கடைசியில் ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் விட்டுப் பார்க்கிறார். பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முன் தாய்மார் பார்ப்பார்களே, அப்படி. சுடவும் கூடாது, சில்லென்றும் தெரியக்கூடாது, விட்டதே தெரியாமல் இருக்கவேண்டும். அந்தப் பதம் வந்த பிறகுதான் பிளாஸ்க்கில் ஊற்றுவார்.

இதுதான் நான் இந்தக் கடையில் வாங்கியது. அரிசியும் இலையும் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, கஞ்சி காய்ச்ச எல்லாருக்கும் தெரியும். அந்தச் சூடும் அந்த இளக்கமும்தான் கிடைக்காதது. ஆறாத தொண்டைக்கு என்ன சாப்பாடு என்பதைவிட, எந்தச் சூட்டில், எவ்வளவு தண்ணீராக, எந்த நேரத்தில் என்பதுதான் பெரிய விஷயம். இதை எனக்கு ஆஸ்பத்திரித் துண்டில் யாரும் எழுதித் தரவில்லை.

முதல் நாள் மட்டும் ஒரு தவறு நடந்தது. வழக்கமான பழக்கத்தில் கஞ்சியில் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். முதல் மிடறிலேயே தொண்டையில் தீக்குச்சி உரசினாற்போல் இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி போய்ச் சொன்னதும் அக்கா அவ்வளவு வருத்தப்பட்டாராம். காசு வாங்காமல் வேறு கஞ்சி செய்து கொடுத்தார், அதன் பிறகு என் கஞ்சிக்குத் தனிச் சட்டி. இஞ்சி இல்லை, மிளகு இல்லை, தேசிக்காய் இல்லை, உப்பு நாக்கில் தெரியாத அளவு. கருப்பட்டியைக் கடிக்க முடியாதே என்று அதைக் கரைத்து விட்டிருப்பார். தேங்காயின் முதல் பாலைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார், அந்தக் கொழுப்பில் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். பாதிக் கப் குடிக்கவே எனக்கு இருபது நிமிஷம் எடுத்தது. ஆனால் இறங்கியது.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கஞ்சி உள்ளே போனதற்கு மாத்திரையும் ஒரு காரணம். முதல் இரண்டு நாள் வலி வந்த பிறகு பனடோல், அதாவது பரசிட்டமோல், எடுத்தேன். அது பெரிய பிழை. வலி ஏறிவிட்டால் எச்சிலைக்கூட விழுங்க முடியாது, அப்புறம் மாத்திரையை எப்படி விழுங்குவது? டொக்டர் சொன்னது மணிக்கூட்டைப் பார்த்து எடுக்கச் சொல்லி. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், எப்படிப் பார்த்தாலும் 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. உடம்பு எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் உங்கள் அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடிமனுக்கு விற்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பரசிட்டமோல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும், ஈரல் கெட்டுப்போகும். எனக்கு இன்னொரு வலி மருந்தும் எழுதியிருந்தார்கள், அதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுக்கவேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் பெயர் சொல்லவில்லை.

பனடோல் வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த இடைவெளிக்குக் கஞ்சி வந்து சேரவேண்டும். காலை ஆறரைக்கு நான் மாத்திரை போடுவேன், ஏழு மணிக்கு மேல் தம்பி பிளாஸ்க்கோடு வருவான். பகல் பன்னிரண்டரைக்கு அடுத்தது, ஒரு மணி தாண்டி இரண்டாவது பிளாஸ்க். கடையில் பத்தரைக்கெல்லாம் கஞ்சி முடிந்துவிடும், ஆனாலும் எனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்து, பகலில் திரும்ப இளஞ்சூடாக்கி ஆற்றித் தருவார். ஒரு நாள் தம்பிக்கு ஹயர் கிடைத்து நேரமாகிவிட்டது, அக்காவே போன் பண்ணி, "டீச்சர் மாத்திரை போட்டிருப்பாங்க, வந்து எடுத்துட்டுப் போ" என்று சத்தம் போட்டாராம். சொந்தத்தில்கூட அப்படி நேரம் பார்க்கிற ஆள் எல்லாருக்கும் அமையாது.

மாத்திரையை முழுதாக விழுங்க முடியாதவர்கள் தண்ணீரில் கரையும் பனடோல் கேட்டு வாங்குங்கள். இங்கேதான் ஒரு எச்சரிக்கை. நாலாம் நாள் வலி தாங்காமல் தம்பியை டவுனில் ஒரு பாமசிக்கு அனுப்பினேன். அங்கிருந்தவர், தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கச் சொல்லி டிஸ்பிரின் கொடுத்துவிட்டார். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை, ஆனால் நடந்தது இதுதான். நல்ல வேளை, நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். டிஸ்பிரின் என்பது அஸ்பிரின். அது இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களைச் செயலிழக்க வைக்கும், அந்தத் தட்டணுவின் ஆயுள் முடியும் வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, அந்தப் பாதிப்பு இருக்கும். தொண்டைக்குள் பச்சைப் புண்ணோடு இருக்கும் ஆளுக்கு அதைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து! 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டொக்டர் சொல்லாமல் அஸ்பிரின் தரவே கூடாது, அது வேறு காரணம். யார் என்ன கொடுத்தாலும் பெயரை வாசித்துவிட்டு வாயில் வையுங்கள்.

ஓய்வு என்று எல்லாரும் சொல்வார்கள். லயத்துக் காம்பராவில் ஓய்வு எடுப்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் விறகு அடுப்பு. காலையில் அம்மா அடுப்பு மூட்டினால் புகை பின்பக்கம் முழுதும் நிற்கும், மழை நாளில் வெளியே போகாது. அந்தப் புகை ஒரு மூச்சு உள்ளே போனாலே இருமல் வரும், இருமினால் உயிர் போய்விட்டு வரும். மூன்றாம் நாளே என் படுக்கையை முன் காம்பராவுக்கு மாற்றி, நடுக்கதவுக்கு நனைத்த சாக்கை விரித்துக் கட்டினோம். அது பெரிய உதவி. சிகரெட் புகைக்கும் உறவினர்களை வாசலோடு நிறுத்துங்கள், தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

இராத்திரிதான் கொடுமை. தூக்கத்தில் வாயால் மூச்சு விடுவோம், குளிர்காற்றில் தொண்டை காய்ந்து ஒட்டிப்போகும், மூன்று மணிக்கு எழும்பினால் தொண்டைக்குள் உடைந்த ஓட்டுத் துண்டு இருப்பதுபோல இருக்கும். நான் செய்தது இவ்வளவு: தலையணை மூன்று போட்டு அரை உட்காரலாகப் படுத்தேன், அது வீக்கத்தையும் குறைக்கிறது. அறைக்குள் வாயகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தேன். இரண்டு மணிக்கு போனில் மணி வைத்து ஒரு வாய் தண்ணீர், நேரம் வந்திருந்தால் மாத்திரையும். தூங்குகிற ஆளை எழுப்பக்கூடாது என்று அம்மா தடுத்தார், ஒரு நாள் அவர் சொன்னபடி மணி வைக்காமல் தூங்கி, விடிய ஐந்து மணிக்கு அழுதுகொண்டு எழும்பினேன். அடுத்த நாளிலிருந்து அம்மாவே எழுப்பினார்.

காதுவலிக்குப் பயப்படாதீர்கள். ஐந்தாம் நாள் இடது காதுக்குள் குத்த ஆரம்பித்தது, காதுக்கும் கிருமி போய்விட்டது என்று நினைத்தேன். டொன்சில் இருந்த இடத்துக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்புதான் போகிறது, மூளையிலிருந்து வரும் ஒன்பதாவது நரம்பு. புண் தொண்டையில், வலி காதில். அதேபோல வாயைத் திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாகப் படிந்திருக்கும், வாயும் நாறும். அது சீழ் இல்லை, வெளிக்காயத்தில் பொருக்குத் தட்டுவதுபோல ஈரமான இடத்தில் அப்படித்தான் தட்டும். சுரண்டிவிடாதீர்கள்.

இப்போது அந்த அரைப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அது அவர்கள் ஓய்வெடுக்கும் நாள், குற்றம் சொல்ல முடியாது, ஆனால் முதல் ஞாயிறு என் ஆறாவது நாளாக அமைந்துவிட்டது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சனிக்கிழமையே ஏதாவது ஏற்பாடு செய்திருப்பேன். அம்மா சத்துமாவில் கஞ்சி கிண்டினார், அது மேல்வாயில் பசைபோல ஒட்டிக்கொண்டது. தம்பி டவுனில் ஒரு பெரிய சாப்பாட்டுக்கடையில் மரக்கறி சூப் வாங்கி வந்தான், மிளகு வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லியும் மேலே மிளகு மிதந்தது, ஒரு கரண்டியோடு மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டர்புரூட் மரம். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து, கரண்டியால் வழித்து, சீனியும் ஆறவைத்த பாலும் சேர்த்து மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்தோம். புளிப்பு இல்லை, நார் இல்லை, நல்ல கொழுப்பு இருக்கிறது, பசி தாங்குகிறது. கடைக்கார அக்காவிடம் இதைச் சொன்னேன், பட்டர்புரூட் காலத்தில் இதையும் செய்து தருகிறேன் என்றிருக்கிறார்.

ஐஸ் விஷயத்தில் அம்மாவோடு பெரிய சண்டை. குளிரில் ஐஸ் சாப்பிட்டால் சளி பிடித்துக் காய்ச்சல் வரும் என்று அவர் விடவில்லை. குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அந்த இடம் கொஞ்சம் மரத்துப்போகும், அதனால்தான் ஐஸ் துண்டு உறிஞ்சச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. கடையிலிருந்து தினமும் ஒரு சின்னப் பிளாஸ்க் நிறைய உடைத்த ஐஸ் வரும், அதற்குக் காசே வாங்கவில்லை. எலிபன்ட் ஹவுஸ் வெனிலா ஐஸ்கிரீம் இரண்டு நாள் சாப்பிட்டேன், நல்லாயிருந்தது, ஆனால் பால் சேர்ந்தது எதைச் சாப்பிட்டாலும் தொண்டையில் எச்சில் திரண்டு கனக்கிறாற்போல் இருக்கும், கையோடு இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிடவேண்டும். தயிரும் யோகட்டும் புளிப்பு எரிக்கும், ஒன்பதாம் நாள் வரை தள்ளி வையுங்கள். தோடம்பழச் சாறு, அன்னாசி, தக்காளி பக்கமே போகாதீர்கள். செவ்விளநீர் பரவாயில்லை, வெந்நீரில் வைத்துக் குளிர் போனதும் குடித்தேன். தேத்தண்ணி இல்லாமல் எட்டு நாள் இருந்தேன், தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு அதுதான் உண்ணாவிரதம். ஒன்பதாம் நாள் ஆறிப்போன வெளிறிய பால் தேத்தண்ணி ஒரு கப் குடித்தேன், அது என்றைக்கும் மறக்காது.

குடிக்கப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் உடம்பு காயும், காய்ந்தால் வலி இன்னும் கூடும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், அதை வைத்துத்தான் நான் கணக்குப் பார்த்தேன்.

ஏழாம் நாள் காலை துப்பிய எச்சிலில் இரத்தக் கோடு இருந்தது. கை நடுங்கிவிட்டது. ஒப்பரேஷன் முடிந்த முதல் 24 மணித்தியாலத்திலும், பிறகு ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அந்தப் பொருக்கு விழும்போதும்தான் இரத்தம் கசிய வாய்ப்பு அதிகம் என்று கண்டியிலேயே சொல்லியிருந்தார்கள். எழும்பி உட்கார்ந்து, விழுங்காமல் துப்பி, குளிர்ந்த தண்ணீரால் வாயை மெல்லக் கழுவினேன். நின்றுவிட்டது. நின்றாலும் அப்படியே விடாமல் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன், பார்த்துவிட்டு சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். உங்களுக்குச் சிவப்பாகப் புது இரத்தம் வந்தால், அல்லது அடிக்கடி எதையோ விழுங்குகிறாற்போல் இருந்தால், வீட்டில் உட்கார்ந்து யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்து ரோடு மோசம் என்றால், எந்த டிவிஷன், எந்தக் கோயில், எந்தப் பாலம் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள், பேச முடியாத உங்களுக்காக வேறு யாராவது வாசித்துச் சொல்லலாம்.

எட்டாம் நாளிலிருந்து கடைச் சாப்பாடு மாறியது. தம்பி எதுவும் சொல்லவில்லை, அக்காவே நாளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். வடித்த கஞ்சி போய், மசித்த கஞ்சி. ஒன்பதில் மிளகாய் போடாத சொதியில் ஊறவைத்த இடியப்பம், கரண்டி பட்டால் கரையும். பத்தில் பாலாப்பத்தின் நடுப்பகுதி மட்டும், மொறுமொறு ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு. மென்று சாப்பிட ஆரம்பியுங்கள் என்று டொக்டரும் சொல்லியிருந்தார், வாயை அசைக்காமலே கிடந்தால் தாடையும் தொண்டைத் தசையும் இறுகிப் போகும், விழுங்க விழுங்கத்தான் அந்த இறுக்கம் விடும். இடியப்பத்தை மென்ற முதல் ஐந்து நிமிஷம் வலித்தது, அப்புறம் இலகுவாகிவிட்டது. கூடவே மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட பருப்பு, அரை அவியலாக ஒரு முட்டை. மூன்று கிலோ குறைந்திருந்தேன், கஞ்சி மட்டும் குடித்தால் அது திரும்ப வராது.

விலை: வடித்த கஞ்சி ஒரு கப் 120 ரூபா, வழமையானதைவிட 20 ரூபா கூட. அந்த வேலைக்கு அது நியாயம். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு பிளாஸ்க், சுமார் நாலு கப். கடன் எழுதிக்கொண்டார், மாதச் சம்பளத்தில் கொடுத்தேன். கடை சுத்தம், துணி தினமும் வெந்நீரில் போடுகிறார்கள், பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆள் இல்லை, நீங்கள்தான் ஆட்டோவோ பஸ்ஸோ பார்த்துக்கொள்ளவேண்டும். மழை கொட்டினால் கஞ்சி தாமதமாகும், விறகு ஈரம். இது கடைசியாகச் சேர்க்கிற குறை, சின்னது.

போகிறவர்கள் அகன்ற வாயுள்ள பிளாஸ்க் கொண்டுபோங்கள், குறுகிய வாயுள்ளதில் கஞ்சி ஊற்றினால் கழுவுவது கஷ்டம். முதல் நாள் மாலையே சொல்லிவையுங்கள். இன்றைக்கு எத்தனாவது நாள், மாத்திரை எத்தனை மணிக்கு, இது இரண்டையும் சரியாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் அக்கா துணியை ஒரு மடிப்புப் போடுவதா, இரண்டு மடிப்பா என்று முடிவெடுப்பார்.